பின்சீட்டில் அரை மணி நேரம்

சேதுராமனுக்கு உட்கார வராது. உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகத்திலேயே எட்டு வருடம் தள்ளிவிட்டதால் இதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. துபாய் தேராவில் மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வண்டிகளை வகை பிரிப்பது அவர் வேலை. விண்ணப்பங்களை நின்றுகொண்டு படிப்பார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையில் நடந்தபடியே ‘சலூன்’ என்கிற குடும்பக் கார், ‘பிக்கப்’, ‘லாரி’ என்று முடிவு செய்து, மேஜைக்கு வந்து குனிந்து எழுதிவிட்டு மறுபடி நடப்பார். அவருடைய நாற்காலியில் பெரும்பாலும் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும்.

மனைவி வசந்தகுமாரிக்கு இது புதிதல்ல. மதுரையில் கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் எழுந்துவிட்ட மாப்பிள்ளை அவர். சினிமாவுக்குப் போனால் டிக்கெட் வாங்கிய சீட்டில் கைப்பையை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்ப்பார். பஸ் கம்பெனி புக்கிங் ஆபீஸ், சென்னையில் ஒரு குமாஸ்தா வேலை, பம்பாயில் இன்னொன்று என்று எதிலும் இரண்டு வருடம் தங்காதவர், 1970இல் கப்பலேறித் துபாய் வந்த பிறகு வேலையை மட்டும் மாற்றவில்லை. ஊரே நாளுக்கு நாள் இடம் மாறிக்கொண்டிருந்ததால் தனியாக மாறத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. வீட்டை மாற்றினார். நாயிஃபில் மூன்று, கராமாவில் மூன்று, ஷார்ஜா ரோலாவில் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒன்று, இப்போது சத்வா. வாடகை ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே அட்டைப்பெட்டிகள் வந்துவிடும்.

“ஏங்க, இந்த வீட்டுக்கு என்ன குறைச்சல்?” என்று ஒவ்வொரு முறையும் வசந்தகுமாரி கேட்பாள்.

“ஒரு குறையும் இல்ல. அதான்.”

இப்படிப்பட்டவர்தான் வளைகுடாவில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசிக்காமல் கண்டுபிடித்தார்.

அது 1976இல். ஒரே மாதத்தில் மூன்று கார்கள், மூன்றும் பழையவை, மூன்றும் பல கை மாறியவை, மூன்றும் ஒட்டகம் குறுக்கே வந்ததாகச் சொல்லப்பட்டவை, நசுங்கிப்போய் கம்பெனியின் தலையில் விழுந்தன. மேனேஜர் ஸ்ரீனிவாசன் திருச்சிக்காரர். பெருத்த உடம்பும் அதைவிடப் பெருத்த நேர்மையும் உள்ளவர். “அஞ்சு வயசுக்கு மேல ஆன ஸ்போர்ட்ஸ் காருக்கு இனிமே பாலிசி கிடையாது” என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்ட பிறகுதான் ஸ்போர்ட்ஸ் கார் எது என்று கேள்வி வந்தது. வேகமா? புதிய ஜப்பான் டாக்ஸிகள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. குதிரைசக்தியா? தண்ணீர் லாரிக்கு அது ஏராளம். கூரை இல்லாததா? ஜீப்புக்கும் கூரை கிடையாது. இரண்டு கதவா? ஆடு ஏற்றும் பிக்கப்புக்கும் இரண்டே கதவு. விலையா? அதுதான் இல்லவே இல்லை. ஊரை விட்டுப் போகிற வெள்ளைக்காரன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிற கார்கள் அவை.

சேதுராமன் வராந்தாவில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வந்து ஒரே வாக்கியத்தில் சுற்றறிக்கையை எழுதினார்: “எந்தக் காரின் பின்சீட்டில் பெரியவர்கள் இருவர் அரை மணி நேரம் உட்கார முடியாதோ, அது விலை, வயது, வேகம் எப்படியிருப்பினும் ஸ்போர்ட்ஸ் கார்.”

ஸ்ரீனிவாசன் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். மற்ற கம்பெனிகள் ஆள் அனுப்பி நகல் வாங்கிப்போயின. இரண்டு வருடத்தில் அந்த வாக்கியத்தால் துபாயில் எத்தனையோ இளைஞர்களின் மனசு உடைந்தது. சேதுராமனுக்கு அதில் லேசான பெருமை உண்டு.

சத்வா வீட்டுக்குச் சொந்தக்காரி உம்மு ஹானி. கணவர் இறந்துவிட்டார், மகன் ஹானி குவைத்தில் வேலையில் இருந்தான். அடுத்த வளவிலேயே அவள் இருந்தாள். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் நடை போடும் சேதுராமனுக்கு அவள் முற்றத்தின் மூலையில் ஒரு பழைய கார் தெரியும். வெள்ளையாக இருந்து, உப்புக்காற்றில் மோர் நிறமாகிவிட்ட கார். பிரிட்டனில் செய்தது, பன்னிரண்டு வயது. நீள மூக்கு, தாழ்ந்த முதுகு, இரண்டே கதவு. ஹானி ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் வாங்கி ஒரு வருடம் ஓட்டிவிட்டு விட்டுப்போனது. அதன் பின்சீட்டில் ஓர் ஆடு குட்டி போட்டிருந்தது.

ஜனவரி மாதம் உம்மு ஹானி அவரைக் கூப்பிட்டாள். அந்த மூலையில் சமையற்கட்டு கட்டப்போகிறாளாம். கார் ‘மாஃபி’, அதாவது இல்லை என்று ஆக வேண்டும். மார்ச் முதல் தேதி ஷார்ஜாவிலிருந்து இரும்புக்காரன் வருகிறான். அதற்குமுன் வேண்டுமானால் நீ எடுத்துக்கொள் என்று அவள் சொன்ன விலை, சேதுராமன் வீட்டு ஃபிரிட்ஜின் விலையைவிடக் குறைவு. தான் வாங்குகிற ஆள் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, “சும்மா ஓடுதான்னு மட்டும் பாக்கறேன்” என்று சாவியை வாங்கினார். பட்டறைக்காரன் பாட்டரி மாற்றினான், ஆடு இறக்கப்பட்டது.

ஜுமேரா கடற்கரைவரை போய்விட்டு வருகிறேன் என்றவர் திரும்பி வர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. வசந்தகுமாரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க போய்ட்டீங்க?”

“எங்கயும் இல்ல. உக்காந்திருந்தேன்.”

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அந்த வாக்கியத்தை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உண்மையில் அந்தக் கார் வேகமானதே அல்ல. பந்தயக் குதிரையின் முகமும் தையல் மெஷினின் எஞ்சினும். கடற்கரைச் சாலையில் ஒரு டாக்ஸிக்காரன், குடும்பம் ஒன்றையும் கூரைமேல் ஒரு கட்டிலையும் ஏற்றிக்கொண்டு, அதைச் சிரித்தபடி தாண்டிப்போனான். ஆனால் சீட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கையில் பேர் சொல்லிவிட்டுப் போனது. நாற்பதில் போனால் நூறில் போவதுபோல் இருந்தது. வளைவில் காரோடு தானும் திரும்புவது இடுப்பில் தெரிந்தது. மெதுவாகப் போகிற கார் வேகமாகப் போவதாக நம்ப வைப்பதும், அசையாமல் உட்கார்ந்திருப்பவனை ஓடுவதாக நம்ப வைப்பதும் ஒன்றுதான். சேதுராமனுக்கு உட்காரக் கிடைத்த முதல் நாற்காலி அது. காரணம், அது நிற்கவில்லை.

மறுநாள் உம்மு ஹானிக்குப் பணம் போயிற்று. ‘கலாஸ்’, முடிந்தது என்றாள். முற்றத்தைக் காலி செய்ய மட்டும் மார்ச் முதல் தேதிவரை தவணை. ஹானி பெயரிலிருந்த பதிவு பிப்ரவரியோடு முடிகிறது. அதற்குப் பிறகு காரைத் தெருவில் ஓட்ட முல்கியா வேண்டும், அதாவது பெயர் மாற்றிய பதிவுப் பத்திரம். முல்கியாவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். இன்ஷூரன்ஸுக்கு அது ஸ்போர்ட்ஸ் காராக இருக்கக் கூடாது. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், எல்லாக் கம்பெனிச் சுவரிலும் அவர் எழுதிய வாக்கியமே ஒட்டியிருந்தது. இல்லாவிட்டால் இரும்புக்காரன்.

பின்சீட் என்று ஒன்று இல்லாமல் இல்லை. தோல் தைத்து, நடுவில் ஒரு மேடு வைத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு வீணையைப் படுக்கவைக்கலாம். வீணை வாசிப்பவரை வைக்க முடியாது.

“சலூன்னு எழுதப்போறீங்களா?” என்றாள் வசந்தகுமாரி.

“பின்சீட் இருக்கே.”

“சலூன்தான் வேணும்னா சலூனே வாங்கியிருக்கலாமே. நாலு பேரோட பிள்ளையார் சதுர்த்திக்கு, ஏர்போர்ட்டுக்குன்னு போயிருக்கலாம்.”

“சலூன்ல யாராலயும் உக்கார முடியும்.”

“அப்ப இதுல முடியாதுங்கறீங்க. அப்ப ஸ்போர்ட்ஸ் கார்.”

சேதுராமன் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அன்று நடை இரண்டு மணி நேரம்.

விண்ணப்பம் ஸ்ரீனிவாசனின் மேஜைக்குப் போயிற்று. ஊழியர்களின் சொந்த வண்டிக்கு மேனேஜர் கையெழுத்து கட்டாயம். ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டார்.

“என்ன ஓய் இது? சலூன்னு போட்டிருக்கீர்?”

“பின்சீட் இருக்கு சார்.”

“என் வீட்டு பீரோவுக்குப் பின்னாடிகூட இடம் இருக்கு. அதுல என் மாமனாரை உக்கார வைக்க முடியுமா?”

“முயற்சி பண்ணலாம் சார்.”

“பண்ண வேண்டாம். உம்ம சர்க்குலர் என்ன சொல்றது?”

சேதுராமன் ஒப்பித்தார். சொந்த வாக்கியம் இவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டாம் என்று அப்போதுதான் தோன்றியது.

“பேஷ். அப்ப ரெண்டு பேரைக் கூட்டிண்டு வாரும். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. நான் முன்னாடி உக்காந்துண்டு கடிகாரத்தைப் பாக்கறேன். பெரியவாளா இருக்கணும், ஸ்கூல் பசங்களை அடைச்சுண்டு வரப்படாது. அரை மணி உக்காந்தா சலூன். இல்லேன்னா, இரும்புக்காரனுக்கு என் ஆசீர்வாதம்.”

இரண்டு பெரியவர்களுக்கு எங்கே போவது? தெரிந்த குடும்பஸ்தர்களை ஒவ்வொருவராக மனதில் அந்தப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தார். வளைகுடாவில் மூன்று வருடம் இருந்தவர் யாரும் பாஸ்போர்ட் போட்டோவின் அளவில் இல்லை. இரண்டு நாள் நடந்த பிறகு ராமையாவும் ரெங்கராஜும் நினைவுக்கு வந்தார்கள்.

அவர்களோடு அறிமுகம் ஒரு லாரியால் ஆனது. மூன்று மாதம் முன்பு, அல் கூஸ் கேம்ப்பிலிருந்து ஜெபல் அலி போகும் சாலையில் ஒரு கான்ட்ராக்டரின் லாரி மணல்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. சேதம் பார்க்கப் போனவர் சேதுராமன். படிவத்தின்படி அது சரக்கு லாரி, மூன்று பேர் உட்கார இடம். பின்பக்கத்தில் எங்கும் தூக்குவாளிகளும் செருப்புகளும் கிடந்தன. “எத்தனை பேர் வந்தீங்க?” என்று கேட்டதற்கு முதுகுளத்தூர்ப் பேச்சில் பதில் வந்தது. “முப்பத்தெட்டு சார். எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான்.” பதில் சொன்னவர் ராமையா, நாற்பது வயது, கம்பி கட்டுபவர். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சினன் ரெங்கராஜ், இருபத்தெட்டு வயது, எதையும் சும்மா விடாத வாய். படிவத்தில் ஆட்களுக்குக் கட்டம் இல்லை. ‘சரக்குச் சேதம்’ என்ற இடத்தில் சேதுராமன் ‘இல்லை’ என்று எழுதினார். அதற்குப் பிறகு சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் சத்வாவுக்கு வருவதும், வசந்தகுமாரி சோறு போடுவதும் வழக்கமாயிற்று. இருவர் உடம்பிலும் வேண்டாத சதை என்று ஒரு பிடிகூடக் கிடையாது.

கேம்ப் வாசலில் காரைப் பார்த்ததும் ரெங்கராஜ் இரண்டு முறை சுற்றி வந்தான்.

“என்ன சார், குப்புறப் படுத்த மாதிரி இருக்கு?”

“அரை மணி நேரம் பின்னாடி உக்காரணும். வேற ஒண்ணும் இல்ல.”

“உக்கார்றதுக்கா? இந்த ஊருக்கு வந்து நாலு வருசத்துல யாரும் எங்களை உக்காருன்னு கூப்பிட்டதில்ல சார். இதுக்கு எதுவும் டெஸ்ட் உண்டா?”

“இதுதாங்க டெஸ்ட்டு. எங்க மேனேஜர் முன்சீட்ல உக்காந்து கடிகாரம் பாப்பார்.”

ராமையா குனிந்து உள்ளே பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “ஆட்டு வாடை அடிக்குதே.”

“ஆடு இருந்துச்சு. இப்ப இல்ல.”

“ஆட்டுக்கு எடம் இருந்தா எங்களுக்கும் இருக்கும். மேனேஜர் எதாச்சும் கேட்டா என்னா சொல்லணும்?”

சேதுராமன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். “கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க.”

“எங்களுக்கு ஒண்ணு வேணும் சார்” என்றான் ரெங்கராஜ். “ஒரு வெள்ளிக்கிழமை இதுல எங்களைக் கூட்டிட்டுப் போகணும். மேனேஜரு இல்லாம.”

புதன்கிழமை ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு வயிற்றுவலி என்று ஃபோர்மேனிடம் பங்கு போட்டுச் சொல்லிவிட்டு இருவரும் தேரா வந்து சேர்ந்தார்கள். முன்சீட்டை மடக்கி, ராமையா முதலில் தலையை விட்டார், பிறகு ஒரு தோளை, பிறகு மற்றதை. ரெங்கராஜ் கால்களை முதலில் விட்டுப் பார்த்து, அது தப்பு என்று கண்டு, வெளியே வந்து முதுகை விட்டான். முழங்கால்கள் மோவாயைத் தொட்டன. முன்சீட் பின்னுக்கு வந்து ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. ஸ்ரீனிவாசன் ஏறியபோது கார் ஒரு பக்கம் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது.

“ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கே ஓய். நாலு மணி மூணு நிமிஷம். கிளம்பும்.”

அந்த அரை மணி நேரம் சேதுராமன் பட்ட பாடு பின்னால் இருந்தவர்கள் பட்டதைவிடக் குறைவில்லை. சலூனை ஓட்டுவதுபோல் ஓட்ட வேண்டும். மணிக்கூண்டு ரவுண்டானாவைச் சவ ஊர்வலம் போலச் சுற்றினார். மக்தூம் பாலத்தில் ஒரு சைக்கிள்காரன் கூடவே வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். கார் கனைத்தது, இழுத்தது, அவர் காலடியில் கெஞ்சியது. சத்வா தாண்டி ஜுமேரா திரும்பும் வளைவில் ஒரே ஒரு நொடி அவர் கை தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. கார் வளைவைக் கத்தரிக்கோல் துணியை வெட்டுவதுபோல் வெட்டியது.

“ஆத்தாடி! இன்னொருக்கா சார்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“என்ன சத்தம்?” என்றார் ஸ்ரீனிவாசன்.

“கொட்டாவி சார். பின்சீட் சௌகரியமா இருக்கு, தூக்கம் வருது போலிருக்கு.”

நாலு முப்பத்துமூன்றுக்கு ஆபீஸ் வாசலில் கார் நின்றது. முன்சீட்டை மடக்கியதும் வெளியே வந்த ராமையா ஆள்போல இல்லை, மடித்த குடைபோல இருந்தார். விரிய நேரம் பிடித்தது. ரெங்கராஜ் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தற்செயலாக அங்கே நிற்பவன்போல் நின்றான்.

“உக்கார முடிஞ்சுதா?” என்றார் ஸ்ரீனிவாசன்.

“தாராளமா சார்” என்றார் ராமையா.

“கால் என்ன ஆச்சு?”

“இருக்கு சார்.”

“பொய் சொல்லப்படாது.”

“பொய் இல்லைங்க சார். கேம்ப்லேருந்து சைட்டுக்கு லாரியில ஒண்ணேகால் மணி நேரம் நிக்கிறோம். போறதுக்கு ஒருக்கா, வர்றதுக்கு ஒருக்கா. முன்னால நிக்கிறவன் முதுகுலதான் தூக்கம். இதுல சாஞ்சுக்க எடம் இருக்கு, வெயிலுக்குக் கூரை இருக்கு, முன்னால ரெண்டு பெரியவுக பேசிக்கிட்டு வர்றீக. கலியாண ஊர்வலம் கணக்கா இருந்துச்சு.”

ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி துடைத்தார்.

“ஓய் சேதுராமன். இவாளை வெச்சு அளந்தா இந்த ஊர்ல ஸ்போர்ட்ஸ் காரே கிடையாது.”

“யாரை வெச்சு அளக்கணும்னு சர்க்குலர்ல இல்ல சார்.”

“இல்லைதான். எழுதினவர் நீர். இதையும் நீரே எழுதும், நான் கையெழுத்துப் போடறேன்.”

சேதுராமன் காரின் நீள மூக்கின் மேலேயே படிவத்தை விரித்து, ‘சலூன், நான்கு இருக்கைகள்’ என்று எழுதினார். எஞ்சின் சூட்டில் தாள் நெளிந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணியதற்கு அதைக் காரணம் சொல்லலாம்.

முல்கியா வந்தது. இரும்புக்காரன் வெறும் கையோடு போனான். வெள்ளிக்கிழமை காலை ராமையாவும் ரெங்கராஜும் வெளுத்த சட்டையோடு சத்வாவில் வந்து நின்றார்கள். வசந்தகுமாரி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“நீ எங்க?” என்றார் சேதுராமன்.

“நாலு இருக்கைன்னு சர்க்கார் பத்திரத்துல இருக்கே. நான் வேணும்னா உங்க மேனேஜரையே கேக்கட்டுமா?”

ஆக, பின்னால் இருவர், முன்னால் இருவர், வசந்தகுமாரியின் மடியில் தூக்குவாளி. ஷார்ஜாவைத் தாண்டி மலைப்பக்கம் தைத் என்ற சோலை ஊருக்குப் போகும் சாலையில் ரெங்கராஜ் முன்னால் குனிந்தான். குனிய அவனுக்கு அதிக தூரம் இல்லை. “சார், அன்னைக்கு மேனேஜருக்காக ஓட்டுனீங்க. இன்னைக்கு யாருக்காக ஓட்டுறீங்க? யல்லா, விடுங்க சார்!”

சேதுராமன் மிதித்தார். மூக்கு தூக்கிற்று, ஜன்னல்கள் நடுங்கின, தூக்குவாளி மூடி தாளம் போட்டது. முள்மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் எறியப்பட்டன. வசந்தகுமாரி கண்ணை மூடிக்கொண்டு வேகம் என்ன என்று கேட்டாள். எழுபது கிலோமீட்டர் என்றதும் நம்பாமல் கண்ணைத் திறந்து வேகமானியின் முள்ளைப் பார்த்தாள். பின்சீட்டில் ராமையா சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

தைத்தில் பேரீச்சந்தோப்புக்குள் வாய்க்கால் ஓடியது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது என்று ராமையா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மற்ற இருவரும் கூடப் போனார்கள். டயரில் காற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சேதுராமன் தங்கிவிட்டார்.

காற்று சரியாகவே இருந்தது. அவர் தங்கியது வேறு காரணத்துக்கு. வழியெல்லாம் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே வந்தது: தான் எழுதியது பொய்யா, இல்லையா? அளந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முன்சீட்டை மடக்கி, தலை, தோள், மறுதோள் என்று ராமையாவின் முறையில் பின்னால் நுழைந்தார். மணற்காற்று வராமல் கதவைச் சாத்தினார். முறை என்றால் முறை, முன்சீட்டைப் பின்னுக்கு இழுத்தார். டக். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

இரண்டு நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் இடது முழங்கால் தனியாக ஒரு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தது. ஐந்தாவதில் இடுப்பும் சேர்ந்துகொண்டது. ஏழாவது நிமிடத்தில் சேதுராமன் மிகுந்த மகிழ்ச்சியோடு தீர்ப்பு வழங்கினார்: முடியாது, இதில் மனுஷன் உட்கார முடியாது, இது சந்தேகமில்லாமல் ஸ்போர்ட்ஸ் கார். எழுந்து நடக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. முன்சீட்டைத் தள்ளினார். அது அசையவில்லை. அதன் கொக்கி கதவோரம், அடியில் இருந்தது. இந்தப் பக்கமிருந்து கை எட்டாது. அந்தப் பக்கமிருந்தும் எட்டாது. நடுவில் புகுந்து போகலாம் என்று பார்த்ததில் ஒரு சட்டைப் பொத்தான் போயிற்று. பின்ஜன்னல்கள் திறப்பவை அல்ல. கூப்பிட்டார். ஒரு கழுதை திரும்பிப் பார்த்தது.

பந்தியில், சினிமாவில், எட்டு வருட ஆபீஸில் யாராலும் செய்ய முடியாததை அந்தக் கொக்கி செய்தது. சேதுராமன் உட்கார்ந்தார். கால் மரத்தது, எறும்பு ஊர்ந்தது, பிறகு கால் என்ற ஒன்று இருப்பதே மறந்தது. ஆட்டு வாடை அடிக்கத்தான் செய்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாய்க்கால் பக்கமிருந்து மூவரும் வந்தார்கள்.

வசந்தகுமாரி ஜன்னலில் குனிந்தாள். “எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க?”

“முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“பொத்தான் எங்க?”

ராமையா கொக்கியைத் தட்டி, சீட்டை மடக்கி, அக்குளில் கை கொடுத்து அவரை உருவி எடுத்தார். பழகிய கை. ரெங்கராஜ் பேரீச்சை மரத்தில் சாய்ந்து சிரித்து முடிக்கும்வரை சேதுராமன் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ளேருந்து எறங்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

“அன்னைக்கே தெரியும் சார்” என்றான் ரெங்கராஜ். “பாலம் தாண்டுறப்பவே மச்சானுக்குக் கால் இழுத்துக்கிச்சு. கொக்கியைத் தேடிப் பாத்தோம், எட்டல.”

“அப்ப ஏன் சொல்லல?”

“உக்கார முடிஞ்சுதான்னுதானே அவரு கேட்டாரு? எறங்க முடிஞ்சுதான்னு கேக்கலியே.”

சேதுராமன் குனிந்து கொக்கியைப் பார்த்தார். காரை மூன்று முறை சுற்றி வந்தார். திரும்பும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இறங்கி, முன்சீட்டை மடக்கி, இருவரையும் வெளியே வரச் சொன்னார். ஷார்ஜா வருவதற்குள் ஒன்பது நிறுத்தம். கட்டில் ஏற்றிய டாக்ஸிகள், தர்பூசணி ஏற்றிய லாரிகள், ஒரு டிராக்டர்கூட அவர்களைத் தாண்டிப் போயின.

“என்னா சார், மினிபஸ்ஸா ஆக்கிட்டீங்க?” என்றான் ரெங்கராஜ். “டிக்கெட் போடுங்க.”

“மாப்ள, பேசாம இருடா” என்றார் ராமையா. “சார், சும்மா ஓட்டுங்க. எறங்கி எறங்கி ஏறுறதுதான் கஷ்டமா இருக்கு.”

சனிக்கிழமை காலை ஸ்ரீனிவாசன் மேஜையில் திருத்திய சுற்றறிக்கை இருந்தது. சேதுராமன் எதிரே நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீனிவாசன் படித்தார்: “உட்கார முடிவது என்பது, தானே இறங்க வழி இருந்தும் இறங்காமல் உட்கார்ந்திருப்பது. புதுப்பிக்கும் தேதியிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தும்.” கீழே இரண்டாவது பத்தி ஒன்றும் இருந்தது. ஆள் ஏற்றும் லாரிகளைச் சரக்கு லாரி என்று இனி எழுதக் கூடாது, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும் என்றது அது. ஸ்ரீனிவாசன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“இது பெரிய இடம் ஓய். கான்ட்ராக்டர்கள் எல்லாம் முதலாளியோட சிநேகிதாள்.”

“தெரியும் சார். அந்தப் படிவத்துல போன தடவை நான்தான் ‘இல்லை’ன்னு எழுதினேன். இதை அடிச்சது நீங்கன்னு ஃபைல்ல இருக்கட்டும். அடுத்த மாசம் திரும்பவும் எழுதித் தரேன்.”

ஸ்ரீனிவாசன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு முதல் பத்தியைக் காட்டினார். “இது சரி. ஆனா இதுப்படி உம்ம காரே அடுத்த பிப்ரவரில ஸ்போர்ட்ஸ் கார் ஆயிடுமே? பாலிசி கிடையாது, முல்கியா கிடையாது.”

“ஆமா சார்” என்றார் சேதுராமன். தன் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல் இருந்தது குரல். “ஸ்போர்ட்ஸ் கார்தான்.”

ஸ்ரீனிவாசன் கையெழுத்துப் போட்டார். அதற்குள் சேதுராமன் ஜன்னலுக்குப் போய்விட்டார். கீழே வெயிலில் மோர் நிற மூக்கு தெரிந்தது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட வசந்தகுமாரி விரல்விட்டு எண்ணினாள். “இன்னும் பதினோரு மாசமும் சொச்சமும் இருக்கே. எந்த வீட்லயாவது அவ்வளவு நாள் இருந்திருக்கீங்களா?”

சேதுராமன் சாவியை எடுத்துக்கொண்டு அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தார்.